கறுப்புச் சப்பாத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

நம் மலேசியாவில், சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் யாருக்கப்பா எழுநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) சப்பாத்து என்று கேட்கிறார்கள். ஆசிரியர்கள், காப்புறுதி முகவர்கள், ஈப்போவுக்குத் தினம் வேலைக்குப் போய்வரும் பிள்ளைகள் என்று வருடம் முழுக்கக் கறுப்புத் தோல் சப்பாத்து போடுகிறவர்கள் இங்கே நிறைய. நூற்றைம்பது வெள்ளிக்கு ஒன்று வாங்கி, பிய்ந்ததும் தூக்கிப் போட்டு, மறுபடி அதே விலைக்கு இன்னொன்று வாங்குகிறார்கள். அந்தக் காசு வீணாகிறதே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மலிவுச் சப்பாத்தின் பெரிய எதிரி நம் ஊர்க் காற்று. என் மாமா ஒரு கல்யாணத்துக்கு, பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்த சப்பாத்தை எடுத்துப் போட்டு வந்தார். மேலே தோல் புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. மண்டபத்தில் பந்திக்கு நடந்து போகும்போதே சோல் கேக் மாதிரி உதிர ஆரம்பித்து, வெள்ளை டைல்ஸ் முழுக்கக் கறுப்புத் தூள். பாலியூரித்தேன் சோலின் குணமே அதுதான்: காற்றில் இருக்கும் ஈரம் அந்தப் பொருளின் இணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும், போடாமல் வைத்திருந்தாலும் அறுக்கும். போதாததற்கு அதைப் பசையால் ஒட்டியிருப்பார்கள், சோல் போனால் சப்பாத்தே போச்சு.

வெல்ட் வைத்துத் தைத்த சப்பாத்து வேறு சாதி. மேல்தோலையும் உள்சோலையும் ஒரு தோல் பட்டையோடு சேர்த்துச் சுற்றிலும் தைப்பார்கள், அந்தப் பட்டைதான் வெல்ட். அப்புறம் அடிச்சோலை அந்தப் பட்டையோடு தனியாகத் தைப்பார்கள், நடுவில் இருக்கும் இடைவெளியைக் கார்க் வைத்து நிரப்புவார்கள். அதனால் சோல் தேய்ந்தால் அந்த இரண்டாவது தையலை மட்டும் பிரித்துப் புது சோல் போடலாம், மேல்தோலில் கை வைக்க வேண்டியதில்லை. இதை இயந்திரத்தில் தைக்கும் முறைக்குத்தான் குட்இயர் வெல்ட் என்று பெயர், 1870களில் அதைக் கொண்டுவந்தவர் சார்லஸ் குட்இயர் ஜூனியர். அவருடைய அப்பாதான் 1839இல் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வழியைக் கண்டுபிடித்தவர். நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய கித்தாவுக்கு, அதாவது ரப்பருக்கு, உலகத்தில் விலை வந்ததற்கு அந்த மனிதர் ஒரு முக்கியக் காரணம்.

கடையில் ஏமாறாமல் இருக்கச் சப்பாத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்துப் பட்டையில் தையல் தெரிகிறதே என்று நம்பிவிடக் கூடாது, பிளாஸ்டிக் பட்டையில் தையல் மாதிரி அச்சடித்து, கீழே சோலை ஒட்டி விற்பது சர்வசாதாரணம். உண்மையான தையல் என்றால் நூல் அடிப்பக்கமும் வரும், இல்லையென்றால் அதை மறைக்க வெட்டி மூடிய கோடாவது விளிம்பை ஒட்டி லேசாகத் தெரியும். அடுத்தது மேல்தோல். விரல் மடங்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் நல்ல கன்றுத்தோல் மெல்லிய சுருக்கமாக விழுந்து திரும்ப நிமிரும். மேற்பரப்பைத் தேய்த்துப் பிளாஸ்டிக் பூச்சு கொடுத்த தோல் தடித்த மடிப்பாக விழும், நாளாக ஆக அந்த மடிப்பிலேயே வெடிக்கும். அதை எந்த பாலிஷும் காப்பாற்றாது.

இப்போது விலை. நூற்றைம்பதிலிருந்து எழுநூறு, எண்ணூறு வெள்ளிக்குப் போகும்போது கிடைக்கும் முன்னேற்றம் மிகப் பெரியது: நிஜத் தோல், தோல் உள்சோல், தைத்த அடி. அதற்கு மேல் ஏற ஏற, பணம் பெரும்பாலும் அழகுக்குத்தான் போகிறது. இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் வட்டாரத்தில் 1879இல் தொடங்கிய கிராக்கெட் அண்ட் ஜோன்ஸ் அருமையான சப்பாத்து, மறுக்கவே மாட்டேன். இன்னொரு இங்கிலாந்து நிறுவனமான எட்வர்ட் கிரீனின் சப்பாத்து ஆயிரம் பவுனையே தாண்டும்: இடுப்பு ஒடுங்கிய சோல், கண்ணுக்குத் தெரியாத தையல், ஓவியம் மாதிரி நிறம். ஆனால் உழைக்கும் காலம் விலையோடு அதே அளவில் கூடாது. பக்கத்து நாடான இந்தோனேசியாவிலேயே, பண்டுங்கில் ஜாலான் ஸ்ரீவிஜயா என்ற நிறுவனம் வெல்ட்டைக் கையாலேயே தைக்கிறது. குட்இயர் முறையில் உள்சோலுக்கு அடியில் பசையால் ஒட்டிய துணி விளிம்பில்தான் தையல் நிற்கும், கைத்தையலில் உள்சோல் தோலையே செதுக்கி அதிலேயே தைப்பார்கள், எனக்கு இதுதான் மேல். அதையும் இங்கிலாந்துச் சப்பாத்துகளைவிட நன்றாகக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள்.

சோல் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். தோல் சோல் பார்க்க அழகு, ஆனால் பேராக்கில் மதியம் மூன்று மணிக்கு மழை கொட்டினால் ஊறிப்போய்ச் சீக்கிரம் தேயும், ஈர டைல்ஸில் வழுக்கும். நமக்கு ரப்பர் சோல்தான் சரி. இங்கிலாந்தின் டைனைட் சோல் மாதிரி சின்னச் சின்னக் குமிழ் உள்ளது என்றால் பக்கத்திலிருந்து பார்த்தால் தோல் சோல் போலவே இருக்கும், ஈரத் தரையில் பிடிமானமும் உண்டு.

பழுது பார்க்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஹீல் மாற்ற, மெல்லிய ரப்பர் ஒட்ட, ஊரில் இருக்கும் சப்பாத்து தைக்கும் அண்ணனே போதும். முழு சோல் மாற்ற வெல்ட் தைக்கும் இயந்திரம் உள்ள இடத்துக்கு, பெரும்பாலும் கோலாலம்பூருக்கு, அனுப்ப வேண்டும். சப்பாத்து எழுநூறு, சோல் மாற்ற முந்நூறு என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஆயிரத்தில் நூற்றைம்பது வெள்ளிச் சப்பாத்து ஆறு ஜோடிதான் வரும், ஆறும் முதல் நாளிலிருந்தே காலைக் கடிக்கும்.

காலைக் கடிப்பது என்றதும் ஒன்று. சிறு வயதிலிருந்து சிலிப்பரிலேயே வளர்ந்த நம்மில் பலருக்குப் பாதம் முன்பக்கம் அகலம். பல பிரிட்டிஷ் நிறுவனங்களின் அளவில் எஃப் என்பது சராசரி அகலம், ஜி அதைவிட அகலம், ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். நீளத்தைக் கூட்டி வாங்காமல் அகலத்தைக் கேட்டு வாங்குங்கள், அதுவும் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் போட்டுப் பாருங்கள்.

சரி, ஒரே ஒரு ஜோடிக்குத்தான் பணம் இருக்கிறது என்று என் தம்பி கேட்டால், கறுப்பு டெர்பி (கயிறு கட்டும் இரு பக்கமும் நன்றாக விரியும் வகை), ரப்பர் சோல், ஜி அகலம், எண்ணூறு வெள்ளிக்கு மேல் ஒரு காசும் வேண்டாம் என்பேன். மிச்சம் இருந்தால் இரண்டாவது ஜோடிக்குச் சேர்க்கச் சொல்வேன், ஒரு நாள் போட்டது மறுநாள் காற்றாடக் காயாவிட்டால் நம் ஊரில் உள்ளே பூஞ்சை பூத்துவிடும்.