பென்சீனமைன்

போன மாதம் நம் பழைய மாணவர் குழுவில் நம் நூலகர் மறைந்த செய்தி வந்தபோது, முழுப்பெயர் போட்டிருந்ததால் பாதிப் பேருக்கு ஆள் யாரென்றே பிடிபடவில்லை. "அப்ஸ்ட்ராக்ட்ஸ் சார்ப்பா" என்று ஒருவர் எழுதிய பிறகுதான் கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. நினைவு மலருக்கு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். புகழ்ந்து எழுதினால் "இதுக்கு ஆதாரம் எந்த வால்யூம் தம்பி?" என்று கேட்கக்கூடியவர். ஆகவே அவர் கற்றுக்கொடுத்த வேலையையே எழுதிவிடுகிறேன்.

நம் அறிவியல் நூலகம் கோலன் என்ற நூல் பகுப்பு முறையில் அடுக்கியது. சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணக்கு நடத்தி, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட முறை. 'பி' (B) கணிதம், 'சி' இயற்பியல், 'ஈ' வேதியியல். புத்தக எண்ணில் 'கே5' என்றிருந்தால் 1965இல் வந்த புத்தகம். திறக்காமலே முதுகைப் பார்த்து வயசு சொல்லிவிடலாம். 1930களின் 'ஜி' போட்ட புத்தகத்தோடு பரீட்சைக்குப் படிக்க வருபவரைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். எடுத்ததை நாமே திரும்பச் சொருகக் கூடாது, மேஜையிலேயே விட்டுவிட வேண்டும். இடம் மாறிய புத்தகம் தொலைந்த புத்தகம். திருடு போனதாவது என்றைக்காவது திரும்பி வரும் என்பது அவர் கட்சி.

ஆனால் அவருடைய ராஜ்ஜியம் பின்னறையில் இருந்த கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்தான்: உலகத்தின் வேதியியல் கட்டுரைகளுக்கெல்லாம் சுருக்கம் போடும் சஞ்சிகை. 1907இல் தொடங்கியது, வாராவாரம் இதழ், வருஷத்துக்கு இரண்டு தொகுதி, ஐந்து வருஷத்துக்கு ஒரு கூட்டு அட்டவணை, அதாவது இண்டெக்ஸ். முதல் வருஷம் உள்ளே போன எல்லாரும் ஒரே இடத்தில்தான் விழுந்தோம். அனிலின் என்ற சேர்மத்தைப் பற்றித் தேடச் சொல்வார். 1972–76க்கான ஒன்பதாம் கூட்டு அட்டவணையில் 'அனிலின்' இருக்க வேண்டிய இடத்தைப் புரட்டிவிட்டு, "ஒண்ணுமே இல்ல சார்" என்று வந்து நிற்போம். கூடத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "அஞ்சு வருஷமா உலகத்துல ஒருத்தன்கூட அனிலினைத் தொடலையா தம்பி?" என்பார். நான் நின்ற அன்று எம்.எஸ்ஸி. மாணவிகள் ஆறு பேர் இருந்தார்கள். இன்னும் எண்ணிக்கை மறக்கவில்லை.

விஷயம் இதுதான். 1972இல் வந்த 76ஆம் தொகுதியிலிருந்து சேர்மங்களுக்குப் பெயரிடும் முறையை மாற்றிவிட்டார்கள். அனிலின் 'பென்சீனமைன்' ஆகிவிட்டது. அசிட்டோன் '2-புரோப்பனோன்'. டொலுயீனைத் தேடினால் 'பென்சீன்' என்ற தலைப்புக்குக் கீழே 'மெத்தில்' என்று ஒதுங்கி நிற்கும். ஆகவே முதலில் இண்டெக்ஸ் கைடைத் திறக்க வேண்டும். பழைய பெயரிலிருந்து புதிய பெயருக்கு அது வழிகாட்டும். பெயரே தெரியாவிட்டால் மூலக்கூறு வாய்பாட்டு அட்டவணை: கார்பன் முதலில், ஹைட்ரஜன் அடுத்து, மற்றவை ஆங்கில அகரவரிசையில். கார்பனே இல்லாத சேர்மத்தில் ஹைட்ரஜனுக்கும் சலுகை கிடையாது, அதுவும் அகரவரிசையில் நிற்கும்.

அட்டவணை ஒவ்வொரு கட்டுரைச் சுருக்கத்துக்கும் ஓர் எண் தரும். அந்தச் சுருக்க எண்ணுக்குக் கடைசியில் ஒரு சின்ன எழுத்து இருக்குமே, அதை அலங்காரம் என்று விட்டுவிட்டு எழுதி வருவோம். சீட்டு அப்படியே திரும்பி வரும். அது சரிபார்ப்பு எழுத்து: ஓர் இலக்கம் மாறிப்போனால், சுருக்கத்தை எடுத்துப் பார்க்கும்போது எழுத்து பொருந்தாது, தப்பு அங்கேயே தெரிந்துவிடும். எண்ணுக்கு முன்னால் 'பி' (P) இருந்தால் காப்புரிமை. அதைச் சஞ்சிகை அலமாரியில் தேடி ஓடிப் பயனில்லை. 'ஆர்' என்றால் மதிப்புரைக் கட்டுரை, முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது ரங்கநாதனின் நான்காம் விதி. அதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் எங்கள் மதியங்களை முழுசாக வாங்கிக்கொண்டார்.

சஞ்சிகைகளில் அவருக்கு ஒரு தீராத குறை இருந்தது. கடல் தபாலில் வராமல் போகும் இதழ். வரவில்லை என்று கெடுவுக்குள் முறையிட்டால்தான் மாற்று அனுப்புவார்கள். கப்பல் வந்து சேர்வதற்குள் கெடு முடிந்துவிடும். ஓர் இதழ் குறைந்தாலும் தொகுதியைப் பைண்டிங்குக்கு அனுப்ப மாட்டார். சணல் கயிற்றால் கட்டி, காணாத இதழின் இடத்தில் ஓர் அட்டையைச் சொருகி வைப்பார். வெளிநாடு கிளம்புகிறவர்கள் நோ டியூ கையெழுத்துக்கு வரும்போது, பழைய கேட்டலாக் கார்டின் பின்பக்கத்தில் ஒன்று எழுதிக் கொடுப்பார். என்னுடையது: ஜர்னல் ஆஃப் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, 1979, தொகுதி 44, இதழ் 17. "நகல் கிடைச்சாக்கூடப் போதும் தம்பி."

வந்து சேர்ந்த ஊரில் அந்த இதழ் மூன்றாவது மாடியில், ஜன்னலோரத்தில் இருந்தது. நகலுக்குப் பக்கம் பத்து சென்ட். முதல் வருஷம் பணம் இல்லை. அடுத்த வருஷம் நேரம் இல்லை. அப்புறம் கார்டே கண்ணில் படவில்லை.

அப்ஸ்ட்ராக்ட்ஸின் அச்சு இதழ் 2010 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. இப்போது கணினியில் 'அனிலின்' என்றே அடித்தாலும் வந்துவிடுகிறது, யாரும் சத்தம் போடுவதில்லை.

சென்ற வாரம் ஊரில் இருக்கும் நண்பரைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். 44ஆம் தொகுதி இன்னும் பைண்ட் ஆகவில்லையாம். கயிற்றை மட்டும் மாற்றியிருக்கிறார்களாம், இப்போது நைலான்.