ஜம்ப் சரியாக வரும்வரை ஆள் சேர்க்காதீர்கள்

கேம் துறை எங்கே போகிறது என்று கேட்டால் பேச்சு உடனே கிராபிக்ஸுக்கும் ஏஐக்கும் ஓடிவிடுகிறது. டிசைனராக நான் பார்க்கும் நோய் வேலைகளின் வரிசையில் இருக்கிறது. விளையாடப் பிடிக்கிறதா என்ற கேள்விக்கு விடை தெரியும் முன்பே நூறு பேரை வேலைக்கு எடுத்துவிடுகிறோம். பிறகு விடை 'இல்லை' என்று வந்தாலும் நிறுத்த முடிவதில்லை. சம்பளம் ஓடுகிறது, வெளியீட்டுத் தேதி அறிவித்தாகிவிட்டது, பாதி லெவல்கள் வரைந்து முடித்தாகிவிட்டது.

சோனி வெளியிட்ட கான்கார்ட் என்ற ஆன்லைன் கேம் 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது. செப்டம்பர் 6 அன்று சர்வரை அணைத்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்டோபரில் அதைச் செய்த ஸ்டூடியோவே மூடப்பட்டது. பல ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த ஆயுள் இரண்டு வாரம். அங்கே வேலை செய்தவர்களுக்குத் திறமை குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த அளவுப் பணம் இறங்கிய பிறகு 'இது வேண்டாம்' என்று சொல்லும் இடத்தில் எவரும் இருப்பதில்லை.

அந்தக் கேள்வியை மலிவாகக் கேட்பது எப்படி? மேடைக்கு மேடை குதித்துப் போகும் கேமான ஒரு பிளாட்பார்மரை எடுத்துக்கொள்வோம். திரையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, நாலு மேடை. படமும் இசையும் வேண்டாம். முதலில் இரண்டு எண்களை முடிவு செய்யுங்கள்: பெட்டி எவ்வளவு உயரம் குதிக்க வேண்டும், உச்சியைத் தொட எவ்வளவு நேரம் எடுக்க வேண்டும். உயரம் 4 அலகு, நேரம் 0.4 விநாடி என்று வைப்போம். உயரத்தின் இரு மடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஈர்ப்பு: 8-ஐ 0.16-ஆல் வகுக்க 50. அதே இரு மடங்கை நேரத்தால் வகுத்தால் கிளம்பும் வேகம்: 20. ஈர்ப்பையும் வேகத்தையும் நேரடியாகக் குத்துமதிப்பாக மாற்றிக்கொண்டிருப்பவர்கள் வாரக்கணக்கில் அதிலேயே கிடப்பார்கள். ஒன்றைத் தொட்டால் உயரம், நேரம் இரண்டும் சேர்ந்து நகரும் என்பதுதான் காரணம்.

இந்தக் கணக்கு இயற்பியலுக்குச் சரி, கைக்குச் சரியாக இருக்காது. பெட்டி பலூன் மாதிரி மிதக்கும். கீழே இறங்கும்போது ஈர்ப்பை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்குங்கள். பொத்தானைச் சீக்கிரம் விட்டால் மேல்நோக்கிய வேகத்தைப் பாதியாக வெட்டுங்கள், சின்ன ஜம்ப் கிடைக்கும். விளிம்பைத் தாண்டிய பிறகும் 0.1 விநாடி வரை ஜம்ப் செய்ய அனுமதி கொடுங்கள். இதைக் 'கயோட்டி டைம்' என்பார்கள். 2018-இல் வந்த செலஸ்ட் கேமில் இந்தச் சலுகை இதே 0.1 விநாடிதான். அதில் நாம் ஆட்டும் பாத்திரத்தை இயக்கும் நிரலை அந்த கேமைச் செய்தவர்களே பொதுவில் வைத்திருக்கிறார்கள், கேம் செய்ய நினைக்கும் எவரும் ஒருமுறை வாசிக்க வேண்டும். அதேபோலத் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்திவிட்டால் அந்த அழுத்தத்தை 0.1 விநாடி நினைவில் வைத்து, தரை தொட்டதும் செயல்படுத்துங்கள்.

தவறுகள் நுழையும் இடம் இதுதான். பிரேம் என்பது திரையில் ஒருமுறை வரையும் படம். இந்தச் சலுகையை '6 பிரேம்' என்று எண்ணி எழுதினால் விநாடிக்கு 60 பிரேமில் 0.1 விநாடி, 144 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 144 பிரேம்) திரையில் நிரல் பிரேமுக்கு ஒருமுறை ஓடினால் அதுவே 0.04 விநாடியாகச் சுருங்கிவிடும். நல்ல மானிட்டர் வாங்கியவர்தான் அதிகம் விழுவார். ஆகவே விநாடியில் எழுதுங்கள். ஜம்ப் நடந்தவுடன் கயோட்டி கணக்கைப் பூஜ்யமாக்க மறந்தால், காற்றிலேயே இன்னொரு ஜம்ப் கிடைக்கும். கேம் செய்ய உதவும் மென்பொருளான (எஞ்சின்) யூனிட்டியில் இயற்பியல் 0.02 விநாடிக்கு ஒருமுறை ஓடுவது இயல்பு அமைப்பு. 60 பிரேமில் திரை ஓடும்போது சில பிரேம்களில் இயற்பியல் ஓடவே ஓடாது. பொத்தான் அழுத்தத்தை அந்த இயற்பியல் சுற்றுக்குள் படித்தால் சில அழுத்தங்கள் காணாமல் போகும். 'சில நேரம் ஜம்ப் ஆகவில்லை' என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஒவ்வொரு பிரேமிலும் படித்துச் சேமித்துவைத்து, இயற்பியல் சுற்றில் எடுத்துச் செலவழிக்க வேண்டும்.

இத்தனையும் ஒருவர் சில நாளில் முடிக்கிற வேலை. செலஸ்டின் முதல் வடிவமே 2015-இல் ஒரு கேம் ஜாமில் (குறுகிய காலத்தில் கேம் செய்யும் நிகழ்வு), பைக்கோ-8 என்ற குட்டிக் கருவியில், இரண்டு பேர் நான்கு நாளில் செய்தது. சாம்பல் பெட்டி தயாரானதும் ஐந்து பேரிடம் கண்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்காருங்கள். அவர்கள் சொல்லும் கருத்தைவிட, விழுந்தவுடன் யாரைத் திட்டுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். தன்னைத் திட்டிக்கொண்டு மறுபடி அழுத்தினால் கேம் பிழைக்கும். கண்ட்ரோலரைத் திட்டினால் எண்களுக்குத் திரும்பிப் போங்கள்.

ஆள் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் கடைப் பங்கு 30 சதவீதம். விற்பனை ஒரு கோடி டாலரைத் தாண்டினால் 25, ஐந்து கோடியைத் தாண்டினால் 20. அதாவது சிறியவர்கள்தான் முழு விகிதத்தைக் கட்டுகிறார்கள். வரி, தள்ளுபடி, நாட்டுக்கு நாடு விலை, ரீஃபண்ட் எல்லாம் போக, விலையில் பாதி கைக்கு வரும் என்று வைத்துத் திட்டமிடுவதே பாதுகாப்பு. 10 டாலர் கேம், பிரதிக்கு 5 டாலர். ஓர் ஆளின் மாதச் செலவு 3,000 டாலர் என்று வைத்தால், 12 பேர் மூன்று வருடம் உழைக்க 12,96,000 டாலர். போட்ட முதல் திரும்பவே 2,59,200 பிரதி விற்க வேண்டும். 3 பேர் 14 மாதத்தில் முடித்தால் 25,200 பிரதி போதும். இரண்டாவது எண்ணில் தோற்றாலும் அடுத்த கேம் செய்ய வழி இருக்கும். பலாட்ரோ என்ற சீட்டு கேமை ஒரே ஒருவர் லவ் என்ற எஞ்சினில் உருவாக்கினார்; 2024 பிப்ரவரியில் வந்து முதல் மாதத்திலேயே 10 லட்சம் பிரதி தாண்டியது. அதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த மாதிரி விற்பனை அபூர்வம். ஆனால் அது விற்காமல் போயிருந்தாலும் நூறு குடும்பங்கள் தெருவுக்கு வந்திருக்காது.

எஞ்சின் விஷயத்திலும் இதே எச்சரிக்கை தேவை. 2023 செப்டம்பர் 12 அன்று யூனிட்டி, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய கேம்களுக்கு இன்ஸ்டால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பி, சரியாக ஒரு வருடம் கழித்து அதைக் கைவிட்டது. அந்த ஒரு வருடமும் பாதிக் கேமோடு நின்றவர்கள் பட்ட கவலையை எந்த அறிவிப்பும் ஈடுகட்டாது. ஜம்ப் எண்கள், எதிரிகளின் உயிர் அளவு, லெவல் அமைப்பு எல்லாவற்றையும் சாதாரணக் கோப்புகளில் வையுங்கள். எஞ்சினோடு பேசும் நிரலை மெல்லிய ஓர் அடுக்கில் ஒதுக்குங்கள். கொடோ என்ற இன்னொரு எஞ்சினுக்கோ வேறெதற்கோ மாற நேர்ந்தால் அந்த அடுக்கைத்தான் பெரும்பாலும் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.

ஏஐ பற்றி என் கருத்து எளிது. அது படத்தையும் வசனத்தையும் மலிவாக்குகிறது. துறையின் நோயோ அங்கே இல்லை. ஸ்டீம் 2024 ஜனவரி முதல், கேமில் உள்ள ஏஐ பயன்பாட்டை முன்கூட்டியே உருவாக்கியது, விளையாடும்போது உருவாவது என இரண்டாகப் பிரித்து அறிவிக்கச் சொல்கிறது. அது நல்ல நடைமுறை. என் கவலை புதிதாக வருபவர்களைப் பற்றியது. சின்னச் சின்ன லெவல் அமைத்து, நூறு முறை விளையாடிப் பார்த்துத்தான் 0.1 விநாடிக்கும் 0.15 விநாடிக்கும் உள்ள வித்தியாசம் கையில் பதிகிறது. அந்த வேலையைக் கருவிக்குக் கொடுத்துவிட்டால் பத்து வருடம் கழித்து மூத்த டிசைனர் எங்கிருந்து வருவார்?

கடைசியாக, கேமின் சாவு. 2014-இல் வந்த தி க்ரூ, தனியாக விளையாடவும் சர்வர் கேட்கும் கேம். 2024 மார்ச் 31 அன்று சர்வர் நின்றதும் வாங்கியவர்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. அதிலிருந்து கிளம்பிய, வாங்கிய கேமை இப்படிக் கொல்லக் கூடாது என்று கேட்கும் இயக்கத்தின் ஐரோப்பிய மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனின் 2023 ஆய்வுப்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. நாம் செய்வதும் அந்த வரிசையில்தான் சேரும், முதல் நாளே யோசிக்காவிட்டால். சர்வர் முகவரியை நிரலுக்குள் புதைக்காமல் கோப்பில் வையுங்கள். லாகின் தோற்றால் உள்ளூர் சேவ் கோப்புக்கு இறங்கட்டும். ஆட்டக்காரர்களை ஒன்றுசேர்க்கும் சர்வரையும் ஆட்டம் நடத்தும் சர்வரையும் தனித்தனியாக எழுதுங்கள். பின்னாளில் இரண்டாவதை மட்டும் பொதுமக்களுக்குக் கொடுத்துவிடலாம். வெளியாரிடம் வாங்கும் நூலகங்களின் உரிமத்தில் சர்வர் நிரலை விநியோகிக்கத் தடை இருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் படியுங்கள். தொடக்கத்தில் இவை சில நாள் வேலை. மூடுகிற மாதத்தில் தொடங்கினால், அந்த நிரலை எழுதியவர்கள் அதற்குள் வேறு எங்கோ வேலையில் இருப்பார்கள்.