அம்மாவுக்கு 25, எனக்கு 15

அம்மாவுக்குக் கண் பிரஷர் 25 என்று பெரம்பூரில் சொன்னதும் பயந்துபோய் நுங்கம்பாக்கத்தில் ஒரு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். கண் நரம்பைத் தேய்க்கும் கிளாக்கோமா நோய் குடும்பத்தில் வரும், நீங்களும் பார்த்துவிடுங்கள் என்றார்கள். துணைக்குப் போன நானும் உட்கார்ந்தேன்.

எனக்கு 15. பத்திலிருந்து 21 வரை சாதாரணம்தானே, நிம்மதியாக இருந்தது. போன வருஷம் கண்ணாடி மாற்றப் போன இடத்திலும் இதே அளவுதான். "பிரஷர் நார்மல்" என்று அனுப்பிவிட்டார்கள். யாரும் கண் நரம்பைப் பார்க்கவில்லை என்பது இப்போது நினைத்தாலும் ஆறவில்லை.

அடுத்து பேக்கிமெட்ரி, அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கருவிழியின் தடிமனை அளப்பது. மரத்துப்போகும் சொட்டு விட்டு, பேனா மாதிரி ஒரு கருவியின் முனையைக் கருவிழியில் தொட்டார் சோதனை செய்த பெண். "நேரா பாருங்கக்கா, சிமிட்டாதீங்க." வலியே இல்லை. சில நொடிகளில் முடிந்தது. அம்மாவுக்கு 598 மைக்ரான், எனக்கு 478.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். பிரஷர் பார்க்கும் கருவி கருவிழியை லேசாக அமுக்கித்தான் உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் கணிக்கிறது. சைக்கிள் டியூபை விரலால் அமுக்கிப் பார்ப்பது போலத்தான். ரப்பர் தடியாக இருந்தால் காற்று நிறைய இருப்பதாகத் தோன்றும். பிரஷர் பார்க்கும் கோல்ட்மான் கருவியின் கணக்கு சுமார் 520 மைக்ரானை வைத்துப் போட்டது. அதைவிடத் தடித்த கருவிழியில் பிரஷர் கூடுதலாகவும், மெல்லியதில் குறைவாகவும் காட்டும். இத்தனை மைக்ரானுக்கு இத்தனை கழித்துக்கொள் என்று நம்பகமான சூத்திரமும் கிடையாதாம்.

பிரஷர் மட்டும் கூடி நரம்பு நன்றாக இருப்பவர்களுக்குக் கருவிழி சராசரியில் தடித்திருக்கும். பிரஷர் கூடாமலே நரம்பு தேயும் நார்மல் டென்ஷன் கிளாக்கோமாவில் பெரும்பாலும் மெல்லியதாக இருக்கும். வழக்கமான திறந்த கோண கிளாக்கோமாவில் தடிமன் இந்த இரண்டுக்கும் நடுவில். பிரஷர் கூடியவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2002-ல் வெளிவந்த ஆய்வில், 588 மைக்ரானுக்கு மேல் இருந்தவர்களைவிட 555-ம் அதற்குக் கீழும் இருந்தவர்களுக்கு கிளாக்கோமா வரும் ஆபத்து சுமார் மூன்று மடங்கு.

தடிமனை மட்டும் வைத்து முடிவு சொல்லவில்லை. கண் நரம்பைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன், கண்ணுக்குள் நீர் வடியும் கோணத்தைப் பார்க்கும் சோதனை, புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கும் விஷுவல் ஃபீல்ட் எல்லாம் எடுத்தார்கள். அம்மாவின் நரம்பு நன்றாக இருக்கிறது. சொட்டு வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். எனக்கு வலக்கண்ணில் மேல்பக்கப் பார்வை கொஞ்சம் போயிருந்தது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். அன்று ராத்திரியே சொட்டு மருந்து ஆரம்பித்தேன்.

கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டிருந்ததால் திரும்பும்போது பஸ் போர்டு எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. அம்மாவும் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். கடைசியில் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் சொல்லித்தான் ஏறினோம். ஏறியதும் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் கண்ணாடியை விட லேசிக் என்ற லேசர் ஆபரேஷன் செய்துகொண்டவன். அதில் கருவிழியைச் செதுக்கி மெல்லியதாக்கியிருப்பார்கள், பிரஷர் குறைத்துத்தான் காட்டும். ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வைக்கச் சொன்னேன். சனிக்கிழமை அவனைக் கூட்டிப்போகிறேன்.