பொடக்காலியைத் துண்டு துண்டாக மீட்கிறேன்

பல்லடம் பக்கம் எங்கள் வீட்டுப் பொடக்காலி, அதாவது கொல்லைப்புறம், ஏழெட்டு சென்ட் இருக்கும். மாமியார் இருந்தவரை அதில் கீரையும் அவரையும் காய்க்காத நாள் இல்லை. அவர் போனார், எனக்கு முடக்குவாதம் வந்தது, இடம் காடாகிவிட்டது. வேலியோரம் உண்ணிச்செடி, நடுவில் பார்த்தீனியம், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கோரை. போன ஆடியில் கை வைத்தேன், இப்போது பாதி தாண்டியிருக்கிறது. மூட்டு வலியோடு தோட்டம் பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

"ஏனுங்கம்மிணி, ஜேசிபிய விட்டா ஒரு மணி நேரத்துல சுத்தமாயிருமுங்க" என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அக்கறையாகத்தான் சொன்னார். நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் காசு இல்லை. ஒரு பார்த்தீனியச் செடி பத்தாயிரத்துக்கு மேல் விதை போடும். அந்த விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். செம்மண்ணைப் புரட்டி வெறுமனே விட்டால் முதல் மழைக்கே மறுபடி பச்சையாகிவிடும். ஒரே நாளில் வெட்டவெளியான ஏழு சென்டையும் அப்புறம் என் இரண்டு கையால் காப்பாற்ற முடியாது. அதனால் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்: எவ்வளவு பிடுங்க முடியும் என்று பார்ப்பதில்லை, அன்றைக்கே எவ்வளவு மூட முடியும் என்றுதான் பார்க்கிறேன். நாலடிக்கு நாலடி கயிறு கட்டி, அதைப் பிடுங்கி, நனைத்த அட்டைப்பெட்டியை விரித்து, மேலே தென்னை ஓலையும் சருகும் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

தோட்டவேலைக்கு விடியற்காலைதான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். என் விரல்களுக்கு அது ஆகாது. எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டுகள் இறுகிக் கிடக்கும். வெயில் தாழ்ந்து நாலரை மணிக்கு மேல்தான் என் நேரம். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைக்கு மறுநாள் அசதி தூக்கும், அன்றைக்குத் தோட்டத்துப் பக்கமே போவதில்லை. போனில் இருபது நிமிஷம் அலாரம். வலி வந்த பிறகு நிறுத்தினால் தாமதம்தான், மறுநாள் காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. இன்னும் கொஞ்சம்தானே என்று மனசு இழுக்கும்போதே எழுந்துவிட வேண்டும். களைக்கொத்தின் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கியதில் விரலை முழுசாக மடக்க வேண்டியதில்லை. இவ்வளவு சின்ன மாற்றம் இவ்வளவு உதவும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். தோல் அரிப்பும் இளைப்பும் வரவைக்கும் செடி அது, கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள். என் மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பது என்பதால் முள் கீறினால்கூட உடனே சோப்புப் போட்டுக் கழுவுவேன். புதருக்குள் பூச்சிபொட்டு கிடக்கும், முதலில் நீளக் குச்சியால் தட்டிவிட்டுத்தான் காலை வைப்பது.

கோரை வேறு ஜாதி. அட்டையைக் குத்திக்கொண்டு மேலே வரும். கொத்தினால் சங்கிலி போலக் கோத்த கிழங்குகள் அறுந்து ஒவ்வொன்றும் தனியாக முளைக்கும். ஆனால் நிழல் அதற்கு ஆகாது. தொட்டியோரம் முழுக்கச் சர்க்கரைவள்ளிக் கொடியை நெருக்கி நட்டேன். புரட்டாசிக்குள் இலை மூடிவிட்டது. கோரை போகவில்லை, ஆனால் மெலிந்து தலைசாய்ந்து நிற்கிறது. எனக்கு அது போதும்.

ரொம்ப சந்தோஷப்படுத்தியது முருங்கைதான். கிழட்டு மரம், காய் எட்டாத உயரம், ஏற யாரும் துணியாத வெடுக்கென்று முறியும் கிளை. ஆள் வைத்து மூன்றடி உயரத்தில் வெட்டி, வெட்டுவாயில் சாணி பூசினோம். பி.கே.எம்-1 என்ற செடிமுருங்கை ரகத்தில் மறுதாம்புக்கு, அதாவது வெட்டிய அடியிலிருந்தே மறுபடி துளிர்த்துக் காய்ப்பதற்கு, இப்படித்தான் 90 சென்டிமீட்டரில் வெட்டுவார்கள், எங்கள் நாட்டு மரமும் அடிபணிந்து துளிர்த்தது. நாலைந்து தளிரை மட்டும் விட்டிருக்கிறேன். இப்போது முக்காலியில் உட்கார்ந்தபடி கீரை உருவுகிறேன். மழைக்காலத்தில் தண்டில் அப்பும் கம்பளிப்பூச்சியும் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

குனியாமல் கைக்கு எட்ட வேண்டும் என்ற அதே எண்ணத்தில் சுவரோரம் ஹாலோபிளாக் கல்லை மூன்று வரிசை அடுக்கி, இரண்டடி அகலத்தில் ஒரு பாத்தி. அடியில் காய்ந்த கிளைகள், மேலே மண்ணும் மட்கிய மாட்டெருவும். இரண்டடிக்கு மேல் அகலமானால் கை எட்டாது. தண்டங்கீரையும் வெந்தயமும் வந்துவிட்டன, கத்தரி நாற்று இன்னும் தயங்குகிறது.

மேற்கு வேலி உண்ணிச்செடி மட்டும் அப்படியே நிற்கிறது. அது என் கைக்கு அடங்காது. தை பிறந்ததும் ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். தரையோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும், மண்ணுக்குள் இரண்டு அங்குலம் இறக்கி ஆணிவேரை அறுத்து, தூரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுக் காயவிட வேண்டும் என்று அவரிடம் இப்போதே சொல்லி வைத்தாயிற்று. அங்கே மூடுவதற்கு அட்டையும் ஓலையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.