மடிப்புக் கணக்கு

எனக்கு வாய்க்கிற ஜீன்ஸ் எல்லாம் இரண்டே ரகம். இடுப்பில் சரியாக இருந்தால் தொடையைத் தாண்டி ஏறாது. தொடையில் சரியாக இருந்தால் இடுப்பில் நிற்காது. போன மாதம் வாங்கியது இரண்டாவது ரகம். குனிந்தால் பின்பக்கம் வாயைப் பிளக்கும். "ரெண்டு கோழிக்குஞ்ச விட்டு வளக்கலாம்டி" என்றாள் அம்மா.

தெருமுனை டெய்லர் பிடித்துத் தைக்க 150 ரூபாய் கேட்டார். வீட்டில் அம்மாவின் கால் மிஷின் சும்மா கிடக்கும்போது அவருக்கு எதற்குத் தண்டம்? இரண்டு வீடியோ பார்த்ததும் எனக்கும் டெய்லர் களை வந்துவிட்டது.

முதலில் பக்கத்தில் பிடிக்கலாமென்று பார்த்தேன். பாக்கெட் ஓரத்தில் செப்பு ரிவெட், அந்தக் குமிழ் ஆணி, முறைத்தது. 1873-இல் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரும் லெவி ஸ்ட்ராஸும் அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கிய சமாச்சாரம் அது. பாடுபடுகிறவர்களின் பாக்கெட் கிழியக் கூடாதென்று அடித்தார்களாம். என்னைப் போன்றவள் கை வைக்கக் கூடாதென்றும் சேர்த்தே யோசித்திருப்பார்கள். சரி, பின்பக்கம் நடுவில் மடித்து ஒரு டக் பிடித்துவிடலாம்.

பெல்ட் நுழைகிற நடு லூப்பை பிளேடால் பிரித்தேன், கூடவே கட்டைவிரல் நகத்தையும் கொஞ்சம். டேப் வைத்துப் பார்த்ததில் 2 இஞ்ச் லூஸ். நடுத்தையலோடு மடித்து, மடிப்பிலிருந்து 2 இஞ்ச் தள்ளி சாக்பீஸில் கோடு போட்டு மிதித்தேன். மிஷினில் இருந்தது ரவிக்கை தைக்கிற ஊசி. இடுப்புப் பட்டியைத் தொட்டதும் இரண்டாய்ப் போனது. ஓடிப்போய் தடித்த 16-ஆம் நம்பர் ஊசி வாங்கி வந்தேன். பட்டியும் துணியும் சேருகிற மேட்டில் அதுவும் திணறியது. மேட்டைச் சுத்தியலால் தட்டிச் சமமாக்கச் சொல்லியிருந்தார்கள் வீடியோவில். தேடுகிற நேரத்துக்கு எந்த வீட்டில் சுத்தியல் கிடைத்திருக்கிறது? பூண்டு தட்டுகிற இடிகல்லை எடுத்தேன். அந்த இடத்தில் இன்னும் ரச வாசனை வருகிறது. அப்புறம் சக்கரத்தைக் கையால் உருட்டி, ஒவ்வொரு தையலாக, மலையேறுகிற பஸ் மாதிரி கடந்தேன்.

அம்மா கீரை ஆய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் கத்திரிக்கோலை எடுத்தபோது மட்டும், "போட்டுப் பாத்துட்டு வெட்டு" என்றாள்.

போட்டேன். பட்டனுக்கும் காஜாவுக்கும் நடுவே 2 இஞ்ச். மூச்சை உள்ளிழுத்தாலும் மாறாத 2 இஞ்ச். பின்னால் இரண்டு பாக்கெட்டும் கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை பெண் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன.

"மடிச்ச துணில 2 இஞ்ச் பிடிச்சா, விரிச்சா 4 இஞ்ச்டி."

"முன்னாடியே சொன்னா என்னவாம்?"

"நீதான் வீடியோ பாத்துட்டியே."

தைக்க ஆன நேரத்தைவிடப் பிரிக்கத்தான் அதிக நேரமானது. அம்மா மடிப்பிலிருந்து 1 இஞ்ச் விட்டுக் கோடு போட்டு, கீழே போகப் போக அதை நடுத்தையலோடு கொண்டுபோய்ச் சேர்த்து, பத்தே நிமிடத்தில் அடித்து முடித்தாள். பல்லால் நூலை அறுத்தவள், ஜீன்ஸை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினாள்.

"150. ஊசிக் காசு தனி."