இரும்புக்காகப் போட்ட கீரைப் பாத்தி: ஆறு மாதக் குறிப்பு

ஜூலை இரண்டாம் வாரம். ஹீமோகுளோபின் 9.6 என்று ரிப்போர்ட் வந்தது. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை வயதுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வயது 43தான். டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "கீரை, காய் நிறையச் சேத்துக்குங்க" என்றார். எந்தக் கீரை, எவ்வளவு நிறைய என்று கேட்க வாய் வரவில்லை. வெளியே முப்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் மட்டும் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. எங்கள் தெருவில் வாசல் தெளிக்கும் பெண்களில் பாதிப்பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பையனின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். கூடவே மொட்டை மாடியில் பாத்தி. ஆடிப் பட்டம் தேடி விதை என்கிறார்களே, மாதமும் தோதாக அமைந்தது. ஆறு பைகளில் சிறுகீரை, அரைக்கீரை. ஒரு பெரிய டிரம்மில் செடிமுருங்கை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பி.கே.எம்.-1 ரகம். விதைத்தால் போதும், போத்து (வெட்டிய கிளைத் துண்டு) நட்டுக் காத்திருக்க வேண்டாம்.

முதல் விதைப்பு போச்சு. மணலோடு கலந்து தூவிய சிறுகீரை விதையை எறும்பு வரிசை கட்டித் தூக்கிக்கொண்டு போனது. கைப்பிடிச் சுவர் விரிசலுக்குள் ஒரு கருப்புக் கோடு போய்க்கொண்டே இருந்தது. அன்று மாலை அரைமணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் பலன். இரண்டாம் முறை சாம்பலும் வேப்பம்புண்ணாக்கும் தூவிவிட்டு விதைத்தேன். இருபத்தெட்டாம் நாள் முதல் அறுவடை. ஒரு பொரியலுக்குக் காணும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட். தராசு வாங்கினேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

மார்க்கெட்டில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. ஆய்ந்து, குச்சி கழித்து நிறுத்தால் இலை 140 கிராம். நாலு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 35 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் 100 கிராம் முருங்கைக்கீரைக்குச் சுமார் 4.6 மில்லிகிராம் இரும்பு. ஆக என் தட்டுக்கு வருவது 1.6. எனக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29. அதிலும் செடியில் உள்ள இரும்பை உடம்பு முழுசாக எடுத்துக்கொள்வதில்லை. சின்னப் பங்குதான் உள்ளே போகும். அன்று ராத்திரி கணக்கைப் போட்டுவிட்டு நோட்டை மூடிவைத்தேன். 'கீரை சாப்பிட்டால் ரத்தம் ஊறும்' என்று எத்தனை வருஷமாகக் கேட்டு வந்திருக்கிறோம்!

அதே 35 கிராமை வேறு வரிசையில் பார்த்தால் சமாதானமாக இருந்தது. கால்சியம் 110 மில்லிகிராம் வருகிறது. வைட்டமின் சி-யும், ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டினும் தாராளம். இரும்பு ஒன்றுக்காக மட்டும் கீரையை நம்பினால் ஏமாற்றம்தான்.

இந்த நேரத்தில் நாத்தனார் வந்தாள். "அண்ணி, தினம் ஒரு டம்ளர் பீட்ரூட் ஜூஸ் குடிங்க, ஒரே மாசத்துல ரத்தம் ஏறிடும்." பீட்ரூட்டில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை, சிவப்பாக இருப்பதால் வந்த நம்பிக்கை. ஃபோலேட் உண்டு, அதுவும் ரத்தத்துக்கு வேண்டியதுதான் என்பதால் குடித்தேன். மூன்றாம் நாள் காலை சிறுநீர் சிவப்பாகப் போனது. கை நடுங்க கிளினிக்குக்குப் போன் போட்டேன். நர்ஸ் அம்மா கேட்ட முதல் கேள்வி: "பீட்ரூட் சாப்டீங்களா?" அந்தச் சாயம் சிலருக்கு உடையாமல் அப்படியே வெளியேறுமாம். இரும்புச்சத்து குறைந்தவர்களிடம் இது இன்னும் அதிகம் என்று பிறகு படித்தேன். ஆக, ஏறாத ரத்தத்துக்கு அது ஒரு ரசீது.

செப்டம்பர். இந்த ஆறு மாதத்தில் நான் கற்றுக்கொண்டதில் பெரியது கீரையிலிருந்து வரவில்லை, வாழைக்காயிலிருந்து வந்தது.

காய்கறியில் இல்லாவிட்டால் பாத்திரத்திலாவது இரும்பு வரட்டும் என்று அம்மாவின் பழைய இரும்புச் சட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். தேய்த்துக் கழுவி, எண்ணெய் காட்டிப் பழக்கினேன். புளி சேர்த்த குழம்பு அதில் கொதித்தால் இரும்பு கொஞ்சம் இறங்கும், அது உண்மைதான். முதல் வத்தக்குழம்பு அருமை. மிச்சத்தைச் சட்டியிலேயே விட்டுவிட்டேன். மறுநாள் ஆணியை நக்கியது போல ஒரு ருசி. கொட்டினேன். அடுத்து வாழைக்காய் வறுவல். பத்து நிமிஷத்தில் துண்டுகள் ஓரமெல்லாம் மை பூசியது போலக் கறுத்துவிட்டன.

மை என்றே எழுதியிருக்கிறேன், மையேதான். வாழைக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அந்தக் கறுப்பு. அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியது இதே கணக்கில்தான். அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்பேட். என் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: ஃபெரஸ் சல்பேட்.

அப்போதுதான் உறைத்தது. நான் தினமும் காலை பதினோரு மணிக்கு டீயோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தேன். டீயும் துவர்ப்புதானே? ஒரு மாத்திரையைப் பொடித்து, பால் விடாத டீ அரை டம்ளரில் போட்டுக் கலக்கினேன். செம்பழுப்பு நிறம் கண்ணெதிரே கருநீலமாக மாறி, கொஞ்ச நேரத்தில் கறுப்பாகிவிட்டது. பையன் தென்னங்குச்சியை அதில் தோய்த்துக் காகிதத்தில் தன் பெயரை எழுதிப் பார்த்தான். எழுதியது!

இரண்டு மாதமாக என் வயிற்றுக்குள் இந்த மை வேலைதான் நடந்திருக்கிறது. டீ, காபியில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டால் அது உடம்பில் சேராது. மாத்திரைக்கு மட்டுமல்ல, கீரைச் சோற்றுக்கும் இதே கதிதான். டீயை மாலை நாலரைக்கு மாற்றினேன். மாத்திரை வெறும் தண்ணீரில், பாலுக்கும் தயிருக்கும் தள்ளி. கீரையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழிந்தேன். கூடவே ஒரு கொய்யாத் துண்டு. வைட்டமின் சி பக்கத்தில் இருந்தால் செடியில் உள்ள இரும்பு நன்றாகவே ஏறும். கொய்யாவில் அது ஆரஞ்சைப் போல நான்கு மடங்கு அளவுக்கு இருக்கிறது, விலையோ பாதி.

எலுமிச்சையை முன்னாலேயே பிழிந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று: கீரை காக்கி நிறமாகிவிடும். மூடி போட்டு வேகவைத்தாலும் அப்படியே. கீரையிலிருந்து கிளம்பும் புளிப்பு ஆவியோடு வெளியே போகாமல் திரும்பி விழுகிறது. திறந்து வைத்து, குறைந்த தண்ணீரில், சீக்கிரம் இறக்க வேண்டும். பச்சை மாறாமல் இருக்கச் சோடா உப்புப் போடும் வழக்கம் உண்டு. நிறம் நிற்கும், வைட்டமின் சி-யும் பி1-ம் போய்விடும். மாமியார் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுவார். அதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அவரிடம் சொல்லவும் இல்லை.

அக்டோபர் பரிசோதனை: 11.2. கீரையாலா, மாத்திரையாலா, டீ நேரம் மாறியதாலா? மூன்றையும் ஒன்றாகச் செய்ததால் பிரித்துச் சொல்ல வழியில்லை. பந்தயம் கட்டச் சொன்னால் மாத்திரைக்கும் டீ நேரத்துக்கும்தான் கட்டுவேன்.

காய்கறி எனக்குச் செய்தது வேறு. இரும்பு மாத்திரை போடுகிறவர்களுக்கு அந்த மலச்சிக்கல் தெரியும். பலர் பாதியிலேயே நிறுத்துவது இதனால்தான். ஒரு நாளைக்கு ஆளுக்கு 400 கிராம் காய்கறி என்கிறது ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. எங்கள் வீட்டுச் சாம்பார், பொரியல் இரண்டுக்குமான காயைச் சேர்த்து நிறுத்தபோது நாலு பேருக்கு 620 கிராம், ஆளுக்கு 155. காய் என்பது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்றே பழகிவிட்டோம். இப்போது பொரியலைக் கரண்டியால் அல்ல, கிண்ணத்தால் வைக்கிறேன். கொத்தவரங்காய், அவரை, வாழைத்தண்டு. திருச்சியில் இருந்துகொண்டு வாழைத்தண்டுக்கு அலைய வேண்டியதில்லை, காந்தி மார்க்கெட்டில் எப்போதும் கிடைக்கும். விரலில் நார் சுற்றிச் சுற்றி எடுத்து, மோரில் போட்டால் கறுக்காது. கொத்தவரங்காய் 100 கிராமில் சுமார் 5 கிராம் நார்ச்சத்து. ஒரு நாளைக்கு 30 கிராம் அளவில் வேண்டும். இன்னும் 400ஐத் தொடவில்லை, 290 வரை வந்திருக்கிறோம். ஆனால் மூன்றாம் வாரத்திலேயே வயிறு சரியாகிவிட்டது, மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை.

நவம்பரில் முருங்கை மூன்றடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினேன். பக்கக் கிளை தளதளவென்று வந்தது. பெருமையாக ஒரு பை நிறையப் பறித்துப் பெரியப்பா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவருக்கு இருதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறார். "வாசனையா இருக்கும்மா, ஆனா வாரத்துக்கு ரெண்டு தடவை, ஒரே அளவுதான். திடீர்னு கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்கார்" என்றார். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். நல்லது என்று சொல்லிக் கொடுப்பதற்கு முன் எதிரில் இருப்பவர் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பாதிப் பையைத் திருப்பி எடுத்து வந்தேன்.

அதற்கு அடுத்த மழையில் கம்பளிப்பூச்சி. டிரம்மைச் சுற்றித் தரையே அரிப்பு. கிளைகளை அடியோடு வெட்டி மூட்டை கட்டிப் போட்டுவிட்டு, ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

ஜனவரி: 11.9. அந்த 0.1 குறைந்ததில் எனக்கு வருத்தம், டாக்டருக்கு இல்லை. 12ஐத் தாண்டினாலும் உடம்பில் இரும்புச் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டும் என்றார். அடுத்த பரிசோதனை ஏப்ரலில். முருங்கைக் கட்டையில் விரல்நீளத்துக்குத் துளிர் வந்திருக்கிறது. சிறுகீரைக்கு நாலாவது முறை விதை தூவியிருக்கிறேன். சாம்பல் தீர்ந்துவிட்டது, விரிசல் பக்கம் எறும்பு நடமாட்டம் தெரிகிறது.