ஒரே கதவு எண்ணுக்கு ஒரே நோட்டு

ஆரியங்காவு கணவாய்க் காற்று எங்கள் வட்டாரத்துக்குக் கொடை. ஆனி, ஆடியில் சாரலோடு அது வீசும்போது ஊரெல்லாம் குற்றாலத்துக்கு வரும். எங்கள் தெருவில் மட்டும் அந்தக் காற்று வந்தால் ஜன்னலை அடைப்போம். மேற்கே நான்கு வீடு தள்ளி ஒரு பழைய அரிசிக் குடோன். உரிமையாளர் குடும்பம் புனலூரில் இருக்கிறது. வாடகைக்கு எடுத்தவர் காயலான் கடை நடத்தினார். இரவு 11 மணிக்கு மேல் வயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பார்கள். புகை நேராக எங்கள் வீட்டுக்குள் வரும், மாமியாருக்கு வீசிங் தொடங்கிவிடும்.

வெளியே டயர் குவியல் வேறு. சாரல் தண்ணீர் டயருக்குள் தேங்கினால் ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறக்கும். அந்த வருடம் எங்கள் தெருவில் 3 பிள்ளைகளுக்கு டெங்கு.

புகார் செய்யாமல் இல்லை. தீயணைப்பு வண்டி இரண்டு முறை வந்து அணைத்துவிட்டுப் போனது. பேரூராட்சி ஆட்கள் மருந்து அடித்தார்கள். போலீஸ் வந்து எச்சரித்தது. முதல்வர் உதவி எண் 1100-க்குச் சொன்ன புகாரும் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று முடிந்தது. அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள், குடோன் அப்படியே இருந்தது.

தென்காசியில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் என் சித்தப்பா மகன்தான் கண்ணைத் திறந்தான். "அக்கா, நாலு ஆபீஸ்ல நாலு துண்டு கதை சொல்லுறீங்க. முழுக் கதையையும் ஆர்.டி.ஓ.கிட்ட சொல்லுங்க" என்றான். ஆர்.டி.ஓ. என்கிற வருவாய்க் கோட்டாட்சியர் நிர்வாக நடுவரும் (எக்சிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) கூட. பொதுத் தொல்லையை நீக்கு, இல்லையென்றால் ஆஜராகி ஆட்சேபனை சொல் என்று அவர் நிபந்தனை உத்தரவு போடலாம். முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு. இடத்துக்குச் சொந்தக்காரர் மட்டுமல்ல, அதை வைத்து நடத்துபவரும் அதில் அகப்படுவார்.

அன்றே ஒரு நோட்டு போட்டேன். தேதி, நேரம், யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள். பழைய தீயணைப்பு அழைப்புகளின் விவரத்தை 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கினேன். எல்லாம் சேர்த்தால் 14 மாதத்தில் 23 பதிவு, எல்லாம் ஒரே கதவு எண்ணில்.

அதில் நான்கைக் கிழித்துப் போட்டேன். குடோனின் பின்கட்டில் ஒரு பெண் குடியிருக்கிறாள். புருஷன் அடிக்கும்போது போலீஸ் 100-க்கோ பெண்கள் உதவி எண் 181-க்கோ கூப்பிடுவாள். அந்த அழைப்பையும் கணக்கில் சேர்த்தால் எண் பெருகும், என் மனுவுக்கு வலு கூடும். ஆனால் நாளைக்கு குடோன் உரிமையாளர் அவளைத்தானே முதலில் காலி செய்யச் சொல்வார்? அமெரிக்க நகரங்களில் இப்படி போலீஸ் அழைப்பை எண்ணி உரிமையாளருக்கு அபராதம் போடும் விதிகள் உண்டு. அடிபட்ட பெண்கள் வீடு போய்விடுமோ என்று உதவி கேட்கவே பயந்தார்கள். மனு எழுதும் யாரும் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

மனு கொடுத்த பிறகு வி.ஏ.ஓ. வந்து பார்த்தார், போலீஸ் அறிக்கை போனது. நிபந்தனை உத்தரவு வந்தது. புனலூருக்கு அனுப்பிய தபால் திரும்பிவிட்டது, குடோன் கதவில் ஒட்டினார்கள். ஒட்டிய மூன்றாம் நாள் உரிமையாளர் போன் செய்தார். "சேச்சி, எனக்கு ஒன்னும் தெரியாது" என்று பாதி மலையாளத்தில் சொன்னார். கடைக்காரர் ஆஜராகி ஆட்சேபித்தார். அதன் பிறகு விசாரணை. அதை 90 நாளில் முடிக்க வேண்டும், காரணம் எழுதி 120 வரை நீட்டலாம்.

டயரை அள்ள வண்டி இல்லை, நிதி இல்லை என்றது பேரூராட்சி. தம்பி எடுத்துக் கொடுத்த ரத்லம் நகராட்சி வழக்குத் தீர்ப்பின் நகலை நீட்டினேன். 1980-இல் உச்ச நீதிமன்றம் இதே 133-ஆம் பிரிவில் சொன்னது. சாக்கடை கட்டப் பணமில்லை என்று நகராட்சி கையை விரிக்க முடியாது. எழுதியவர் பாலக்காட்டில் பிறந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர்.

கடைக்காரர் என்னைப் பார்த்து, "என் பிழைப்பைக் கெடுக்கிறீங்களே" என்றார். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. கடையை மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. எரிக்கக் கூடாது, டயர் கூரைக்கு வெளியே கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். சட்டமும் தொழிலைத் தடுக்கவோ ஒழுங்குபடுத்தவோ இடம் தருகிறது. உத்தரவு ஒழுங்குபடுத்தும் வழியில்தான் வந்தது.

எரிப்பு நின்று 2 மாதம் ஆகிறது. டயரில் இன்னும் இரண்டு லோடு பாக்கி. சாரலுக்கு முன் அள்ளாவிட்டால் அரசே அள்ளி, செலவை அவர்களிடம் வசூலிக்கலாம் என்பதால் திங்கட்கிழமை மறுபடி போகிறேன். பின்கட்டுப் பெண் நேற்று தண்ணீர் பிடிக்க வந்தாள். "ராத்திரி ஜன்னலைத் திறந்துதான் படுக்கிறேன்க்கா" என்றாள்.